வீட்டில் கட்டும் கிட் கார்: கோளாறு வந்தால் எங்கிருந்து தேடுவது

பழைய கார் நின்றுவிட்டால் ஏதோ ஒரு பாகம் தேய்ந்துவிட்டது என்று பொருள். கராஜில் உட்கார்ந்து நாமே கட்டிய கிட் காரில் கதை வேறு. கழற்றிய நாள் வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், வேலை செய்துகொண்டிருந்த பிரேக், எரிந்துகொண்டிருந்த லைட் எல்லாம் புதுச் சட்டத்தில் ஏறியதும் முரண்டு பிடிக்கும். பாகம் அதேதான். அது போய்ச் சேர்ந்த இடம்தான் புதிது. ஆகவே தேட வேண்டியதும் அந்தச் சேரும் இடத்தில்தான். பலர் இதை மறந்துவிட்டுப் புது காயில், புது பம்ப், புது ஆல்டர்னேட்டர் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். காசும் போய், கோளாறும் அப்படியே இருக்கும்போது மனம் விட்டுப்போகிறது. பாதி கட்டிய நிலையில் விலைக்கு வரும் கிட் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவற்றில் பலவும் ஒரு எர்த் ஒயரோ திருப்பி மாட்டிய ஒரு பிரேக் கேலிபரோ நிறுத்திவைத்தவையாக இருக்கலாம்.

இங்கே சொல்வது பிரிட்டனில் அதிகம் கட்டப்படும் வகையைப் பற்றி. 1957-ல் லோட்டஸ் செவன் வந்தது. 1973-ல் அதைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. அந்தப் பாணியில் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார்களை இன்றும் பல சிறு நிறுவனங்கள் கிட்டாக விற்கின்றன. சட்டமும் ஃபைபர் பாடியும் புதிதாக வரும். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிரேக், ஒயரிங் எல்லாம் ஒரு பழைய காரிலிருந்து வரும். அதை டோனர் கார் என்பார்கள். முன்பு ஃபோர்டு எஸ்கார்ட், சியரா. இப்போது பெரும்பாலும் மஸ்டா எம்எக்ஸ்-5. கீழே வரும் உதாரணங்கள் அதிகமும் எம்எக்ஸ்-5-ன் முதல் தலைமுறையைச் சேர்ந்தவை. மற்றவற்றுக்கும் தேடும் முறை இதேதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடியை மாட்டுவதற்கு முன்பே, சட்டம் வெறுமனே இருக்கும்போதே, இன்ஜினை ஓட்டிப் பாருங்கள், லைட்டுகளை எரியவிட்டுப் பாருங்கள், பிரேக்கில் காற்றை எடுத்துவிடுங்கள். அப்போது எல்லாமே கைக்கு எட்டும். அடியில் படுக்கும் வேலை என்றால் ஆக்சில் ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். பெட்ரோல் லைனைத் தொடும்போது பேட்டரியின் நெகட்டிவ் கழன்றிருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

செல்ஃப் எடுக்கவில்லை, 'டிக்' சத்தம் மட்டும் வருகிறது

முதலில் பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் போட்டுவிட்டு அப்புறம் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையே சந்தேகிக்கலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் 'டிக்' மட்டும்தான் என்றால், பத்தில் எட்டு முறை எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, சரியில்லை. எம்எக்ஸ்-5-ன் உடல் முழுவதும் இரும்புத் தகடு. எங்கே போல்ட் போட்டாலும் எர்த் கிடைத்துவிடும். கிட்டின் சட்டத்துக்கோ பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் அந்தப் பூச்சு மின்சாரத்தை விடாது. இன்ஜினும் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரும் விடாது. செல்ஃப் மோட்டாருக்கு வரும் அத்தனை ஆம்பியரும் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது.

இதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள், மேலே உள்ள கிளாம்பில் வேண்டாம். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. முனையை பிளாக்கிலிருந்து சட்டத்துக்கு மாற்றி மறுபடியும் பாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் தாவுகிறதோ அந்த இணைப்புதான் சரியில்லை.

சரிசெய்வது எளிது. சட்டத்தில் போல்ட் வரும் இடத்தில் பூச்சை அரத்தாலோ உப்புத்தாளாலோ வாஷர் அளவுக்கு வட்டமாகச் சுரண்டுங்கள். சாம்பல் நிறம் போதாது. வெள்ளியாக இரும்பு மின்ன வேண்டும். பல் வைத்த வாஷர் போட்டு, லக்கை வைத்து இறுக்கி, மேலே வாஸ்லினோ கிரீஸோ தடவிவிடுங்கள், துரு ஏறாது. பேட்டரியிலிருந்து சட்டத்துக்கு ஒரு தடித்த ஒயர், சட்டத்திலிருந்து இன்ஜினுக்கு இன்னொரு தடித்த பின்னல் ஒயர், இரண்டும் வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிளின் உறை சூடாகிறது அல்லது புகைகிறது என்றால் காரணம் இதுதான். உடனே நிறுத்துங்கள்.

'டிக்' கூட வரவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரின் சிறிய ஒயரைப் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது அதில் 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் கோளாறு சாவிப் பக்கம். கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் இருந்து, அதை டோனர் காரோடு விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அந்த இரண்டு ஒயரும் எங்கேயோ சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

தீப்பொறியா, பெட்ரோலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி, ஒயரோடு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துச் சுற்றச் சொன்னால் நீலமாகப் பொறி பறக்க வேண்டும். ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள். கழற்றிய பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டுச் செய்யுங்கள், பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி வையுங்கள்.

பொறி இருக்கிறது, ஆனால் 'படபட' என்று வெடிக்கிறது, இரண்டு சிலிண்டர் மட்டும் அடிக்கிறது என்றால் பிளக் ஒயர்களை மாற்றி மாட்டியிருப்பீர்கள். எம்எக்ஸ்-5-ல் பொறிக்கு மின்சாரம் தரும் காயில்கள் இரண்டு. ஒன்று 1-ம் 4-ம் சிலிண்டருக்கு, மற்றது 2-ம் 3-ம் சிலிண்டருக்கு. ஒரே காயிலின் இரண்டு ஒயர்களும் ஒரே நேரத்தில் பொறி தருவதால் 1-ஐயும் 4-ஐயும் மாற்றி மாட்டினால் ஒன்றும் ஆகாது. 1-ஐயும் 2-ஐயும் மாற்றினால் இன்ஜின் சரியாக ஓடாது. அடிக்கும் வரிசை 1-3-4-2.

பொறியே இல்லை என்றால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் எர்த். டோனர் காரின் ஒயரிங்கில் தேவையில்லாததை வெட்டிக் குறைப்பது கிட் கட்டுபவர்கள் எல்லோரும் செய்வதுதான். அப்படி வெட்டும்போது கறுப்பு ஒயர்களைத் 'தேவையில்லாதவை' என்று எடுத்துவிடுவது சுலபம். ஒன்றுபோலத் தெரியும் அந்தக் கறுப்பு ஒயர்களில் சில கம்ப்யூட்டருக்கும் சென்சார்களுக்கும் உரியவை. வயரிங் படத்தை மேசையில் விரித்து, கம்ப்யூட்டர் பிளக்கின் ஒவ்வொரு எர்த் முனையிலிருந்தும் இன்ஜின் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரின் பீப் ஒலியில் பாருங்கள். இனி வெட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒயரை வெட்டாதீர்கள், முதலில் கனெக்டர் பிளக்கிலிருந்து பின்னை உருவி, சீட்டு கட்டி, ஓரமாக வையுங்கள். இன்ஜின் ஓடிய பிறகு வெட்டலாம்.

சாவிக்குள் சிப் உள்ள, கொஞ்சம் புதிய டோனர் கார் என்றால் கம்ப்யூட்டர், சாவி, சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் வளையம் மூன்றும் ஒரே காரிலிருந்து வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. அல்லது பிடித்து உடனே அணையும்.

பெட்ரோல் பக்கம் வந்தால், சாவியைத் திருப்பிவிட்டு, பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பின்பக்கம் காது வையுங்கள். எம்எக்ஸ்-5 1.6-ல் ஒரு விசேஷம் உண்டு. பெட்ரோல் பம்பை இயக்கும் சுவிட்ச், காற்று அளக்கும் மீட்டரின் மடலுக்குள் இருக்கிறது. காற்று இழுத்து மடல் திறந்தால்தான் பம்ப் தொடர்ந்து ஓடும். அந்த மீட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள குழாய் கழன்றிருந்தாலோ கிழிந்திருந்தாலோ மடல் அசையாது, பம்ப் நிற்கும். புது இடத்தில் பொருந்துவதற்காக அந்தக் குழாயை வெட்டி ஒட்டியவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பம்ப் தன்னளவில் நன்றாக இருக்கிறதா என்று தெரிய, இன்ஜின் அறையின் டயக்னாஸிஸ் பெட்டியில் 'எஃப்/பி', 'ஜிஎன்டி' என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சாவியைத் திருப்புங்கள். பம்ப் ஓடினால் பம்பிலும் அதன் ஒயரிலும் குறையில்லை.

பம்ப் ஓடுகிறது, பெட்ரோல் வரவில்லை என்றால் போகும் குழாயும் திரும்பும் குழாயும் மாறியிருக்கும். இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஃபோர்டின் பல மாடல்களில் விபத்து நேர்ந்தால் பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதன் மேலுள்ள பொத்தான் எழும்பி நின்றால் அழுத்திவிடுங்கள்.

பெட்ரோல் வாசனை வந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றாலே இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது மெதுவாகத் தின்றுவிடும். டோனர் காரின் ஹோஸ்களைத் திரும்ப மாட்டாதீர்கள். எத்தனாலுக்கு ஏற்ற ஆர்9 தர ஹோஸும், பல் இல்லாத இன்ஜெக்‌ஷன் கிளிப்பும் வாங்கிப் போடுங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் சீராக நிற்கவில்லை

ஆர்பிஎம் ஏறி இறங்கி அலைந்தால் எங்கோ திருட்டுக் காற்று போகிறது. வேக்குவம் குழாய் ஒன்று மூடப்படாமல் இருக்கும். டோனர் காரில் அது பிரேக் பூஸ்டருக்குப் போயிருக்கும், உங்கள் காரில் பூஸ்டர் இல்லை. மேலேயே நின்று இறங்க மறுத்தால் ஆக்சிலரேட்டர் கேபிள். புதுப் பெடலுக்கு நீளம் பொருந்தாமல் இழுத்துப் பிடித்திருக்கும். எம்எக்ஸ்-5-க்கு 850-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

ஓடும்போதே பேட்டரி இறங்குகிறது. அல்லது சாவியை எடுத்தும் இன்ஜின் நிற்கவில்லை

இந்த இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒரே ஒயரைச் சுற்றி வருபவை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.3-ஏ காட்டி இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். சியரா போன்ற பழைய ஃபோர்டுகளின் ஆல்டர்னேட்டர் எழுந்திருப்பதற்கே டேஷ்போர்டில் உள்ள சிவப்பு பேட்டரி விளக்கின் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வர வேண்டும். அதற்கென்றே அங்கே 2.2 வாட் பல்பு இருந்தது. கிட் காரின் புது டேஷ்போர்டில் அழகுக்காகச் சின்ன எல்இடி போட்டால் அந்த மின்சாரம் போதாது. பழைய மாதிரி பல்பைப் போடுங்கள், அல்லது எல்இடி-க்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் வையுங்கள். இன்ஜினை ஒருமுறை 3000 ஆர்பிஎம்முக்கு மேலே ஏற்றிய பிறகு மட்டும் சார்ஜ் ஆகத் தொடங்குகிறது என்றால் நோய் இதுதான் என்று உறுதி.

மறுபக்கம், சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் தன் மின்சாரத்தை இக்னிஷன் லைனுக்குத் திருப்பி ஊட்டுகிறது. ரேஸ் கார் பாணியில் சிவப்புச் சாவி போட்ட பேட்டரி கட்-ஆஃப் வைத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். இரண்டே முனை உள்ள கட்-ஆஃப், பேட்டரியை மட்டும்தான் பிரிக்கும். ஆறு முனையும் ரெசிஸ்டரும் உள்ளதாக வாங்கினால் இக்னிஷனையும் சேர்த்து வெட்டும். ரேடியேட்டர் ஃபேன் சுழன்று அடங்கும் ஒரு சில நொடிகளுக்கு மட்டும் இன்ஜின் இழுத்தால், ஃபேனின் ரிலே தப்பான லைனிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மின்னுகிறது, மீட்டர் பொய் சொல்கிறது

ஒரு லைட்டைப் போட்டால் வேறொன்று மங்கலாக எரிவது, பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைட் உயிர் பெறுவது, இதெல்லாம் பின்பக்க எர்த். பின் மட்கார்டு ஃபைபர். அதில் திருகிய லைட்டுக்குத் தனியாக எர்த் ஒயர் இழுக்காவிட்டால் மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஒவ்வொரு லைட்டுக்கும் கறுப்பு ஒயர் ஒன்று. எல்லாம் சட்டத்தில் ஒரே போல்ட்டுக்கு வரட்டும்.

இண்டிகேட்டர் படு வேகமாக அடித்தால் எல்இடி பல்பு எடுக்கும் மின்சாரம் குறைவு, பழைய ஃபிளாஷர் அதை 'பல்பு போய்விட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. எல்இடி-க்கு என்று விற்கும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷரைப் போட்டால் தீர்ந்தது.

டெம்பரேச்சர் மீட்டர் அசையவே இல்லையா? சென்சாரின் திருகில் சுற்றிய வெள்ளை டேப்பைப் பாருங்கள். ஒரே முனை உள்ள சென்சார் தன் திருகு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றினால் எர்த் போய்விடும். பெட்ரோல் மீட்டர் டேங்க் நிறைந்திருக்கும்போது காலி என்றும், காலியானால் நிறைவு என்றும் காட்டினால் மீட்டரும் மிதவையும் வெவ்வேறு ஜாதி. ஐரோப்பிய விடிஓ வகை காலியில் 10 ஓம், நிறைவில் 180. அமெரிக்க வகை காலியில் 240, நிறைவில் 33. இரண்டையும் ஒரே வகையாக மாற்றியே ஆக வேண்டும்.

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

இதில் அவசரப்படவே கூடாது; கட்டியதை ஓட்டிப் பார்க்கும் ஆசை எவ்வளவு இருந்தாலும் பெடல் கல் மாதிரி நிற்காமல் கார் கராஜை விட்டு நகரக் கூடாது.

காற்று எடுத்து எடுத்துக் கை சலித்துவிட்டது, இரண்டு பாட்டில் பிரேக் ஆயிலும் போய்விட்டது, பெடல் இன்னும் அமுங்குகிறது என்றால் ஆயில் ஊற்றுவதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றி கேலிபரைப் பாருங்கள். காற்று வெளியேறும் நிப்பிள் கேலிபரின் உச்சியில் இருக்கிறதா? கீழே இருந்தால் இடது கேலிபர் வலப்பக்கமும் வலது கேலிபர் இடப்பக்கமும் ஏறியிருக்கின்றன. எல்லா போல்ட்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும் என்பதால் சந்தேகமே வராது. ஆனால் காற்று மேலே தங்கிவிடும், நிப்பிள் வழியாக ஆயில் மட்டும் வந்துகொண்டே இருக்கும். கிட் நிறுவனத்தின் சட்டத்துக்காக கேலிபரை அச்சின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் மாற்றியவர்களுக்கும் இதே கதி. பக்கம் மாற்றி மாட்டுங்கள். மாற்ற வழியில்லாத அமைப்பு என்றால் கேலிபரைக் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்து, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனமுள்ள இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு காற்றை எடுக்கலாம். துண்டு இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

காற்று எடுப்பதற்கு ஒரு ஆள் பெடலில், ஒரு ஆள் சக்கரத்தில். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். "அழுத்து" என்றதும் அழுத்த வேண்டும், "பிடி" என்றால் விடாமல் பிடித்திருக்க வேண்டும். நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகுதான் "விடு". இந்த மூன்று சொல்லையும் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும், எடுத்த அத்தனையும் வீண். மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள ஆயில் டப்பா காலியாகிறதா என்றும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள். பாடியின் மேல் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டாட் 4 ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும்.

கேலிபர் சரியாக இருக்கிறது, காற்றும் இல்லை, ஆனால் பெடல் பாதி தூரம் போய்த்தான் கெட்டியாகிறது. ஹேண்ட் பிரேக்கும் எங்கே இழுத்தாலும் பிடிக்கவில்லை. எம்எக்ஸ்-5 டோனர் என்றால் இதற்கு விடை பின் கேலிபரின் முதுகில் இருக்கிறது. அங்கே 14 எம்எம் தலை உள்ள ஒரு போல்ட் உண்டு, அது வெறும் மூடிதான். கழற்றினால் உள்ளே 4 எம்எம் ஆலன் கீ நுழையும் துளை தெரியும். ஆலன் கீயை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே மறுகையால் டிஸ்க்கைச் சுற்றுங்கள். பேடு உரசும் சத்தம் முதலில் வரும், பிறகு டிஸ்க் கைக்கு அசையாமல் நிற்கும். அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னால் விடுங்கள். டிஸ்க் லேசான உரசலோடு சுற்றும். மூடியைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம். இரண்டு பக்கமும் முடிந்த பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை முதலில் இறுக்கினால் நெம்புகோல் முழுதாகத் திரும்பாமல் நின்றுவிடும், இந்த அட்ஜஸ்ட்மென்ட் எவ்வளவு செய்தாலும் ஏறாது.

பெடல் கெட்டியாக நின்று, பிறகு காலின் கீழ் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. நீங்களே வளைத்து விரித்த காப்பர்-நிக்கல் குழாயின் முனைகளை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எங்கும் ஈரமில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் தளர்ந்திருக்கிறது. இன்னொன்று, பெடலை மிதிக்கும்போது முன்தட்டு வளைகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய தகட்டில் மாஸ்டர் சிலிண்டரை மாட்டியிருந்தால் அந்த வளைவே பஞ்சு மாதிரி தோன்றும். உள்ளே ஒரு தடித்த தட்டு கொடுத்துத் தாங்க வேண்டும்.

கியர் விழும்போது கரகரக்கிறது

இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. கியர்பாக்ஸைக் கழற்றும் முன் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் காற்று எடுங்கள், கம்பி எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். பெடலுக்குப் பின்னால் நீங்கள் வைத்த ஸ்டாப்பர் பயணத்தைக் குறைக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் கிளட்ச் தட்டைத் திருப்பி மாட்டிவிட்டோமா என்ற கேள்வி.

நின்றால் சூடேறுகிறது, ஓடினால் அடங்குகிறது

நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன். ஓடினாலும் சூடேறினால் தண்ணீர் சுற்றவில்லை அல்லது ரேடியேட்டர் வழியாகக் காற்று போகவில்லை.

ஃபேன் சுற்றுகிறது என்பது போதாது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டிய ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுக்க வேண்டும். ஒரு தாளைக் காரின் மூக்கின் முன் பிடியுங்கள்; தாள் ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் ஒயர் இரண்டும் மாறியிருக்கின்றன.

தண்ணீருக்கு வந்தால், செவன் பாணிக் காரின் ரேடியேட்டர் இன்ஜினைவிடத் தாழ்வாக இருக்கிறது. டோனர் காரில் மூடியைத் திறந்து ஊற்றினால் காற்று தானே வெளியேறும். இங்கே வெளியேறாது. கூலன்ட் டேங்க்கின் மட்டம் இன்ஜினின் தலைக்கு மேல் இருக்க வேண்டும். அது தாழ்ந்திருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் உச்சியில் காற்று மூட்டை கட்டி நிற்கும். ரேடியேட்டரின் மேல் மூலையில் காற்று திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். காரின் எந்த முனையை உயர்த்தினால் ஊற்றுவாய் எல்லாவற்றுக்கும் மேலே வருமோ அந்த முனையை உயர்த்துங்கள். ஹீட்டர் வைக்காதவர்கள் ஹீட்டருக்குப் போய் வந்த இரண்டு குழாய் முனைகளையும் அடைக்காமல் ஒரு ஹோஸால் இணைத்துவிடுவது நல்லது. மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். அலுமினியத் தகடோ நுரையோ வைத்து அடையுங்கள்.

எண்ணெய் விளக்கு வளைவில் மட்டும் மினுக்கினால் அது சூட்டுப் பிரச்சினையில்லை. தரைக்கு இடைவெளி வேண்டி, இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை வெட்டிச் சிறிதாக்கியிருப்பீர்கள். வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கிறது. உள்ளே தடுப்புத் தகடு போடும் வரை அந்தக் காரை வேகமாக வளைக்காதீர்கள். சில நொடிகள் போதும், பேரிங் போய்விடும்.

அதிர்கிறது, இழுக்கிறது, துள்ளுகிறது

அதிர்வு எங்கிருந்து என்று தெரிய ஒரு சோதனை. தனியார் இடத்தில், அதிரும் வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜின் வேகம் இறங்கியும் அதிர்வு நீடித்தால் சக்கரமோ, கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் தண்டான பிராப் ஷாஃப்ட்டோ. உடனே நின்றால் இன்ஜின் பக்கம். பிராப் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்து வெல்டிங் செய்திருந்தால் இரண்டு முனையின் நுகங்களும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில பாகை விலகினாலும் அதிரும். கியர்பாக்ஸ் வெளிவரும் கோணமும் டிஃபரன்ஷியல் மூக்கின் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

ஸ்டியரிங் ஒரு சுற்றில் இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகினால் ஸ்டியரிங் தண்டின் இரண்டு ஜாயின்ட்டுகளும் ஒன்றுக்கொன்று தப்பிய கோணத்தில் இருக்கின்றன. ஒன்றைக் கழற்றிப் பற்களில் நகர்த்தி மாட்டிப் பாருங்கள். வளைத்த பிறகு ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பவில்லை என்றால் முன் சக்கரங்களின் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், போதவில்லை. இந்த வகைக் கார்களில் 5 பாகைக்கு அருகே வைப்பது வழக்கம்.

கார் மேட்டிலும் பள்ளத்திலும் துள்ளித் தடுமாறினால் ஷாக் அப்சார்பரைத் திட்டும் முன் டயர் காற்றைப் பாருங்கள். எம்எக்ஸ்-5 ஏறக்குறைய ஒரு டன். அதற்குரிய 26 பிஎஸ்ஐ-யை 600 கிலோ காரில் அடித்தால் டயர் பந்து மாதிரி ஆகிவிடும். 18 முதல் 20 வரை வைத்துப் பாருங்கள். வேறு கார் மாதிரி இருக்கும்.

ஜாக்கியிலிருந்து இறக்கிய கார் கொஞ்சம் உயரத்தில் நிற்கிறதா? சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கியிருப்பீர்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு காரைத் தூக்கி நிறுத்துகிறது, சீக்கிரம் கிழிந்தும் போகும். எல்லாவற்றையும் தளர்த்தி, காரைச் சக்கரத்தில் நிறுத்தி, ஓட்டுபவரின் எடைக்கு மூட்டையை இருக்கையில் வைத்து, அப்புறம் இறுக்குங்கள்.

சோதனையில் ஃபெயில் ஆகிறது

பிரிட்டனில் சாலைக்கு வர, ஒவ்வொரு காரையும் தனியாகப் பார்த்து அனுமதி தரும் ஐவிஏ சோதனை தாண்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தால் முன்பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிக்கொண்டே போகலாம். ஃபெயில் ஆனால் எதில் என்று பட்டியல் தருவார்கள். அதிகம் மாட்டுபவை சின்ன விஷயங்கள்தான். வெளிப்புறத்தில் 100 எம்எம் பந்து தொடக்கூடிய எந்த விளிம்பும் 2.5 எம்எம் ஆரத்துக்காவது உருண்டையாக இருக்க வேண்டும். மட்கார்டின் ஓரம், சஸ்பென்ஷன் போல்ட்டின் முனை எல்லாம் இதில் அடங்கும். ரப்பர் விளிம்பும் பிளாஸ்டிக் நட்டு மூடியும் போட்டால் போதும். பின் ஃபாக் லைட் ஹெட்லைட் இல்லாமல் எரிந்தால் ஃபெயில். ஹஸார்ட் லைட் சாவியில்லாமல் எரியாவிட்டாலும் ஃபெயில். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. சக்கர அளவு மாறியவர்கள் ஜிபிஎஸ் வைத்து முன்பே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சைலன்சர் சத்தம் 99 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும். பிரேக்கில் பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் அதற்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. முன்பக்கம் இலேசாகிவிட்ட காரில் டோனரின் பிரேக் பங்கீடு பொருந்தாமல் போவது இயல்பு. பேடு ரகத்தை மாற்றியோ கிட் நிறுவனம் சொல்லும் சிலிண்டர் அளவுக்கு மாறியோ சரிசெய்துவிட்டு மறுசோதனைக்குப் போங்கள்.

பாஸ் ஆன பிறகு முதல் நூறு மைல் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். எம்எக்ஸ்-5 சக்கர நட்டுகளுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து சட்டம் வரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை குனிந்து பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது.